கால்கட்டு வைத்தியம்

பைத்தியம் தெளிய என்ன வழி என்று தமிழ்நாட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஃபீஸ் வாங்காமல் பிரிஸ்கிரிப்ஷன் எழுதிவிடுவார்கள். எலுமிச்சம்பழத்தை உச்சந்தலையில் அரக்கித் தேய். குற்றாலத்து அருவியில் கொண்டுபோய் நிறுத்து. குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்க வை. ஏர்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போ. ‘இதெல்லாம் எதுக்குப்பா, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, எல்லாம் சரியாப் போயிடும்’ என்று திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுப்பார். அந்தக் கடைசி வைத்தியத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாகிவிடும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஒரு தகவலைக் காதில் போட்டுக்கொண்டு சிரிக்கட்டும். மலேரியா ரத்தத்தை ஊசியில் ஏற்றிய டாக்டருக்கும், மண்டையோட்டில் ஓட்டை போட்டு மூளைக்குள் கம்பி விட்ட டாக்டருக்கும் நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. எலுமிச்சம்பழத்துக்கு இதுவரை கிடைக்கவில்லை. அதைத் தேய்த்து யாரும் செத்ததில்லை என்பதால் அது வைத்தியமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்களோ என்னவோ!

முதலில் ஏர்வாடிக்குப் போய்விடுவோம். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரையைத் தாண்டினால் கடலோரத்தில் இருக்கிறது. மதீனாவிலிருந்து வந்து இந்த மண்ணில் போரிட்டு உயிர்நீத்து ஷஹீதான சுல்தான் சையது இப்ராஹிம் பாதுஷா நாயகத்தின் தர்கா இங்கேதான். அவர் வந்தது 12-ஆம் நூற்றாண்டில் என்பது ஊர் நம்பிக்கை. சந்தனக்கூடு திருவிழா என்றால் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாகுபாடு இல்லாமல் கூட்டம் அள்ளும். மதம் மாறினாலும் மாமியார் வைத்த சூனியம் ஒன்றுதானே!

மனசு கலங்கியவர்களை இங்கே கொண்டுவந்து விடுவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. ஓதிய தண்ணீர், தர்கா விளக்கின் எண்ணெய், பிரார்த்தனை. அப்புறம் காத்திருப்பு. எதுவரைக்கும்? ‘உத்தரவு’ வரும்வரைக்கும். பாதுஷா கனவில் வந்து ‘போகலாம்’ என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரும்வரை நோயாளியை வெளியே விடுவதில்லையே, அந்த மாதிரிதான். ஒரே வித்தியாசம், கனவில் ஃபைனல் பில் வராது.

காத்திருக்க இடம் வேண்டும். தர்காவைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகள் முளைத்தன. தனியார் சமாச்சாரம், தர்கா நடத்தியதல்ல. சொந்தக்காரர்கள் ஆளை விட்டுவிட்டு, பணத்தையும் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் மணியார்டர் மட்டும் அனுப்பினார்கள், சிலர் அதையும் மறந்தார்கள். கொட்டகைக்காரருக்கோ ஆள் கூலி கொடுத்துக் காவல் போடக் கட்டுப்படியாகாது. அதனால் சங்கிலி வந்தது. காலில் ஒரு வளையம், அதிலிருந்து மரத்துக்கோ தூணுக்கோ பக்கத்து ஆளின் காலுக்கோ ஒரு இழுப்பு. நோய் ஒருவருக்கு, வைத்தியம் அவருக்கு, நிம்மதி மட்டும் இன்னொருவருக்கு!

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் இதே கணக்கைத்தான் லத்தீனில் போட்டார்கள்.

‘சங்கிலியா, காட்டுமிராண்டித்தனம்!’ என்று மூக்கில் விரல் வைக்கும் கனவான்கள் அப்படியே லண்டன் பக்கம் வரவேண்டும். 1788-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்தது. நிறுத்தாமல் பேசினார். அரண்மனை டாக்டர்கள் கையைப் பிசைய, பாதிரியாராக இருந்து டாக்டரான ஃபிரான்சிஸ் வில்லிஸ் என்பவரைக் கூப்பிட்டார்கள். வில்லிஸ் ராஜாவுக்குக் கைகட்டுச் சட்டை மாட்டினார். நாற்காலியில் வைத்துக் கட்டினார். கெட்ட நீர் வெளியேற வேண்டுமென்று காலில் கொப்புளம் கிளம்பக் காரப் பூச்சு போட்டார். அந்த நாற்காலிக்கு ராஜா வைத்த பெயர் ‘முடிசூட்டு நாற்காலி’. அந்த அறையிலேயே தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது.

இந்த ராஜாவின் பெயரால்தான் கிழக்கிந்தியக் கம்பெனி நம்மூரில் நாட்டாமை செய்துகொண்டிருந்தது. 1795-ல் அதே கம்பெனி ராமநாதபுரத்து முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைக்கு அனுப்பியது. 1809-ல் சாகும்வரை அவர் வெளியே வரவில்லை. லண்டன் ராஜாவுக்கு மறுபடி மறுபடி முற்றி, கடைசி வருடங்களை விண்ட்சர் அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கழித்தார். ஒரு ராஜா பைத்தியம் என்பதால் உள்ளே போனார். இன்னொரு ராஜா பைத்தியம் இல்லை என்பதாலேயே உள்ளே போனார்!

1789-ல் ஜார்ஜுக்குத் தானாகவே தெளிந்தது. புகழ் யாருக்கு? வில்லிஸுக்கு! ஆயுள் பென்ஷன் மாதிரி ஒரு ஏற்பாடு, ஐரோப்பா முழுக்கப் பேச்சு. போர்ச்சுகல் நாட்டு மகாராணி மரியாவுக்குச் சித்தம் கலங்கியபோது பெருந்தொகை பேசி இவரை அழைத்துப் போனார்கள். அங்கே பருப்பு வேகவில்லை. ராணி அப்படியே இருந்தார், டாக்டர் மட்டும் பணத்தோடு திரும்பினார். போர்ச்சுகல் இதை மனதில் வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருடம் கழித்து உலகத்தையே பழிவாங்கியது. அதற்கு அப்புறம் வருவோம்.

பாரிஸில் டாக்டர் பினேல் என்ற மகான் பைத்தியக்காரர்களின் சங்கிலியை உடைத்தெறிந்தார் என்று பாடப்புத்தகங்கள் உருகும். பிரமாண்டமான ஓவியம்கூட உண்டு. அவர் கை காட்ட, விலங்கு கழல, ஒரு பெண் அவர் கையில் முத்தமிட... சினிமா இன்டர்வெல் சீன் தோற்றது! நிஜத்தில் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் சங்கிலியைக் கழற்றியவர் பூசேன். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து, நோயாளியாக அங்கே வந்து, அப்படியே வார்டு மேற்பார்வையாளராகத் தங்கிவிட்டவர். 1797-ல் அவர் அந்தக் காரியத்தைச் செய்தபோது பினேல் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போயிருந்தார். பினேலே பூசேனை மனதாரப் பாராட்டித்தான் எழுதினார். ஆனாலும் வார்டு பாய்க்கு யார் ஓவியம் வரைவார்கள்? சரி, கழற்றிய சங்கிலிக்குப் பதில் பூசேன் என்ன கொடுத்தார் என்று கேட்கிறீர்களா? கைகட்டுச் சட்டை. இரும்பு போய்த் துணி வந்தது!

அமெரிக்காவுக்குத் தாவுவோம். பெஞ்சமின் ரஷ், 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட மகா புருஷர், அந்த நாட்டு மனநல மருத்துவத்தின் தந்தை. சுதந்திரம் பறிக்கமுடியாத உரிமை என்று கையெழுத்திட்ட அதே கை, 1811 வாக்கில் ஒரு நாற்காலியை வடிவமைத்தது. கைக்கு வார், காலுக்கு வார், நெஞ்சுக்கு வார், தலைக்கு மரப்பெட்டி, அடியில் இயற்கை உபாதைக்கு ஒரு வாளி. பெயர், அமைதி நாற்காலி. அமைதியாக இருந்ததென்னவோ வாஸ்தவம். வேறு என்ன செய்யமுடியும்?

இங்கிலாந்தில் ஜோசப் மேசன் காக்ஸ் இன்னொரு ரூட் எடுத்தார். நோயாளியை ஊஞ்சல் நாற்காலியில் கட்டி ராட்டினம் மாதிரிச் சுழற்று! யோசனைக்கு மூலகர்த்தா பரிணாமக் கொள்கை டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின். சுற்றிய சுற்றில் ஆள் வாந்தி எடுத்து, வெளிறி, துவண்டு விழுவார். ‘பாருங்கள், வெறி அடங்கிவிட்டது’ என்று குறிப்பெழுதுவார்கள். தீவுத்திடல் பொருட்காட்சியில் இதையே காசு கொடுத்து வாங்குகிறோம். வெளியே வரும்போது நமக்கும் வெறி அடங்கித்தான் இருக்கிறது.

மதராஸ் சும்மா இருக்குமா? 1794-ல் வாலன்டைன் கொனொலி என்ற கம்பெனி சர்ஜன் இங்கே ஒரு பைத்தியக்கார விடுதி திறந்தார். டாக்டரும் அவரே, வீட்டு ஓனரும் அவரே, வாடகை தருவது கம்பெனி. கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரி 1871-ல்தான் வந்தது. ஏர்வாடிக் கொட்டகைக்காரர்கள் யாரும் இந்த கொனொலியைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தத் தொழிலுக்கு இங்கே முதல் போர்டு மாட்டியவர் அவர்தான்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. விஞ்ஞானம் வளர்ந்தது. வளர்ந்ததும் முதல் வேலையாகப் பல்லைப் பிடுங்கியது. நியூஜெர்சி டிரென்டன் ஆஸ்பத்திரியின் தலைவர் ஹென்றி காட்டன், பைத்தியத்துக்குக் காரணம் பல் சொத்தையிலும் குடலிலும் ஒளிந்திருக்கும் கிருமிதான் என்று கண்டுபிடித்தார். பல்லைப் பிடுங்கினார், ஆயிரக்கணக்கில் பிடுங்கினார். தெளியவில்லையா? டான்சில். அப்பவும் இல்லையா? குடல். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமானார்கள் என்று மார்தட்டினார். குடலை இழந்தவர்களில் ஏராளமானோர் செத்துப்போனார்கள் என்பதை அவர் தோல்விக் கணக்கில் சேர்க்கவில்லை. செத்தவருக்கு எப்படி ஐயா பைத்தியம் இருக்கும்?

காட்டனை மோசடிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் முழு மனசோடு நம்பினார். தன் மனைவி, பிள்ளைகள் பற்களையும் பிடுங்கினார். 1925-ல் விசாரணைக் கமிட்டி முன்னால் நின்றபோது அவருக்கே புத்தி தடுமாறியது. என்ன செய்தார் தெரியுமா? தன் வாயில் சொத்தையாகத் தெரிந்த பற்களைப் பிடுங்கச் சொல்லி, ‘தெளிந்துவிட்டது’ என்று அறிவித்துவிட்டு டியூட்டிக்குத் திரும்பினார்! எலுமிச்சம்பழ வைத்தியர் ஒருவராவது தன் தலையில் தேய்த்துப் பார்த்ததுண்டா? அந்த நேர்மைக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும்.

வியன்னாவில் வாக்னர்-யாவ்ரெக் 1917-ல் ஒரு காரியம் செய்தார். மேகநோய் முற்றி மூளையைத் தின்னும் நோயாளிகளுக்கு மலேரியா ரத்தத்தை ஏற்றினார். காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. சூடு தாங்காமல் கிருமி செத்தது. நோயாளி சாவதற்குள் கொய்னா கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். பலர் பிழைத்தார்கள், சிலர் மலேரியாவில் போனார்கள். 1927-ல் நோபல் பரிசு! ராமேஸ்வரம் தீவுக் கொசுக்கள் இதே சேவையை ஊசி கூட இல்லாமல் காலங்காலமாகச் செய்துவருகின்றன. அவற்றை ஒழிக்க நாம் மருந்தடிக்கிறோம்.

இப்போது போர்ச்சுகலின் பழிவாங்கல். எகாஸ் மோனிஸ் சாதாரண ஆளில்லை. வெளியுறவு அமைச்சராக இருந்தவர். 1935-ல் லண்டன் மாநாடு ஒன்றில் ஒரு சேதி கேள்விப்பட்டார். முன்மூளையை எடுத்ததும் பெக்கி என்ற முரட்டுச் சிம்பன்சி சாதுவாகிவிட்டதாம். அவ்வளவுதான்! அதே வருட நவம்பரில் மனிதர்களுக்கு ஆரம்பித்துவிட்டார். கீல்வாதத்தால் அவர் கைகள் கோணியிருந்ததால், மண்டையில் ஓட்டை போட்டது உதவியாளர் அல்மெய்டா லிமா. கொஞ்சநாள் பார்த்துவிட்டு ‘ஆள் அமைதி’ என்று ரிசல்ட் எழுதியாயிற்று. 1949-ல் நோபல்.

மோனிஸுக்கு ஒரு சிஷ்யர், கடல் கடந்த ஏகலைவன், வால்டர் ஃப்ரீமன். வாஷிங்டன்காரர். சர்ஜனே இல்லை. மண்டையோட்டைத் துளைக்க ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், நர்ஸ் வேண்டும், செலவாகிறதே என்று யோசித்தார். சமையலறை டிராயரில் ஐஸ்கட்டி உடைக்கும் ஊசி கிடந்தது. கண்ணுக்கு மேலே, இமைக்கு உள்ளே அதை நுழைத்துச் சுத்தியலால் தட்டினால் மூளைக்கு ஷார்ட் ரூட்! முதலில் பம்ப்ளிமாஸ் ஜாதிப் பழத்தில் குத்திப் பழகிக்கொண்டார். 1946-ல் மனிதருக்கு. பத்து நிமிஷ வேலை. நம்மூர் வைத்தியருக்கும் அவருக்கும் பழம் பொது. நம்மவர் பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஃப்ரீமன் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார். பத்திரிகைக்காரர்கள் வந்தால் குஷி, கேமரா என்றால் உயிர். ஒருமுறை ஊசி உள்ளே இருக்கும்போதே படம் எடுக்க நகர்ந்தார். ஊசி ஆழமாக இறங்கி, ஆள் போய்விட்டார். செல்ஃபி மரணங்களுக்கெல்லாம் முன்னோடி, ஆனால் செத்தது படம் எடுத்தவர் அல்ல. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்து, 1967-ல் ஒரு நோயாளி மூளையில் ரத்தம் கசிந்து இறந்த பிறகுதான் அவரை நிறுத்தினார்கள். அதன் பின்னும் பழைய நோயாளிகளைத் தேடித் தேடி அமெரிக்கா முழுக்கப் பயணம் போனார். ‘நன்றாக இருக்கிறேன் டாக்டர்’ என்று யாராவது சொல்லமாட்டார்களா என்ற ஏக்கம்! பாவமாகத்தான் இருக்கிறது.

இதில் வயிறெரியும் சங்கதி ஒன்று உண்டு. 1931-லேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், நாட்டு மருத்துவத்தில் இருந்த சர்ப்பகந்தி வேர் சித்தக் கலக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கேட்கிறது என்று எழுதிவிட்டார்கள். வெள்ளைக்கார உலகம் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதைப் பற்றி பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகு விழித்துக்கொண்டார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்து கம்பெனி அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தது. அந்த மருந்துக்கும் பக்க விளைவு இருந்தது, பிற்பாடு ஓரங்கட்டப்பட்டது. ஆனால் வேர் பற்றிய கட்டுரை வெளிவந்த அதே 1949-ல்தான் மூளைக்குள் கம்பி விட்டவருக்கு நோபல் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால், சர்ப்பகந்தி எனக்கே ஒரு டோஸ் தேவைப்படுகிறது.

இனிக் கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்ளலாம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியில் இருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள்.

அதற்கப்புறம் அரசாங்கம் காட்டிய வேகம் இருக்கிறதே! இப்படியொரு ஊர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி மந்திரிகள், அதிகாரிகள், கமிஷன். ஒரே வாரத்தில் கொட்டகைகளுக்கெல்லாம் பூட்டு. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. இத்தனைக்கும் மனநலக் காப்பகத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சொன்ன 1987-ஆம் வருடச் சட்டம் 1993-லிருந்தே அமலில் இருந்தது. எட்டு வருடமாகச் சட்டமும் சங்கிலியும் ஒரே மாவட்டத்தில், ஒன்றையொன்று சந்திக்காமல் குடியிருந்திருக்கின்றன.

2017-ல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன் 95-ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. அதே பிரிவில் இன்னொரு தடையும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் மின்னதிர்ச்சி சிகிச்சை தரக்கூடாது. கொட்டகைக்காரரையும் கோட்டுப் போட்ட டாக்டரையும் ஒரே பெஞ்சில் ஏற்றி நிற்கவைத்த இந்தப் பிரிவை எழுதிய புண்ணியவான் வரலாறு படித்தவர்.

எல்லாம் சரி, இந்த தர்கா, கோயில் சமாச்சாரமே வெறும் மூடநம்பிக்கைதானா? பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏர்வாடித் தீக்கு அடுத்த வருடம். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் என்ற இடத்தில் தங்கியிருந்த 31 பேரை அளந்து பார்த்தார்கள். விசேஷச் சடங்கு இல்லை, மருந்தும் இல்லை. கூடவே சொந்தக்காரர் ஒருவர், காலையில் பிரார்த்தனை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் கடுமை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. காட்டன் பல் பிடுங்கியும், ஃப்ரீமன் ஊசி ஏற்றியும் தேடியது ஒரு துடைப்பத்திலும் ஒரு குடம் தண்ணீரிலும் கொஞ்சம் இருந்திருக்கிறது. சங்கிலி போட்டிருந்தால் எப்படிப் பெருக்குவார்கள்?

குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில், பிரார்த்தனைக்கு வருகிறவர்களைத் தடுக்காமல் அங்கேயே டாக்டரையும் உட்கார வைத்தார்கள். ‘தவா-துவா’, மருந்தும் துவாவும். அந்த ஏற்பாடு பிற்பாடு ஏர்வாடிக்கும் வந்தது. இந்தப் பக்கம் ஓதிய தண்ணீர், அந்தப் பக்கம் அரசு மருத்துவரின் மாத்திரை. தண்ணீரை வைத்தே மாத்திரையை விழுங்கிக்கொள்ளலாம், இருவருக்கும் ஆட்சேபம் இல்லை.

இதில் டாக்டருக்குக் கிடைக்கும் மரியாதையை யோசித்துப் பாருங்கள். ஆள் தெளிந்தால் குடும்பம் எங்கே போய்ச் சர்க்கரை வைத்து ஓதும்? தர்காவில். தெளியாவிட்டால் யாரைத் திட்டும்? மாத்திரை எழுதியவரை. வில்லிஸ் இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்திருப்பாரா? காட்டன்? கேமராவை வைத்துக்கொண்டு ஃப்ரீமன்? சான்ஸே இல்லை! புகழை பாதுஷாவுக்குக் கொடுத்துவிட்டு, டோஸை மட்டும் சரிபார்த்துக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற ஒரு அரசு டாக்டருக்கு நோபல் பரிசு கிடைக்காது. பல்லும் மூளையும் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால், நான் அவரிடம்தான் டோக்கன் வாங்குவேன்.